ஊதினால் மணிக்கணக்கு, முடி நறுக்கினால் மாதக்கணக்கு!

நம் வீட்டுக் குருமாவில் தேங்காயோடு சேர்த்து அரைத்து விடுகிறோமே, அந்தக் கசகசா ஒரு மனிதரை யூரின் டெஸ்ட்டில் 'போதை ஆசாமி' என்று மாட்டிவிட்டுவிடும், தெரியுமா?

கதையில்லை. கசகசாவும் அபினும் ஒரே செடியின் பிள்ளைகள். பச்சைக் காயைக் கீறினால் வடிகிற பால் அபின். அதே காய் முற்றிக் காய்ந்து, ஆட்டினால் கிலுகிலுவென்று சத்தம் போடுமே, உள்ளே கிடக்கும் அந்த விதைதான் கசகசா. விதைக்குள் போதை கிடையாது. ஆனால் அறுவடையின்போது காயின் பால் விதைமேல் லேசாக ஒட்டிக்கொள்ளும். அந்த ஒட்டலில் மார்ஃபினும் இருக்கிறது, கோடீனும் இருக்கிறது. கழுவி, வறுத்து, அரைத்தால் பெரும்பகுதி போய்விடும். சரியாகக் கழுவாத விதையை ரொட்டிமேல் அப்பிக்கொண்டு தின்றவர் பாடுதான் திண்டாட்டம்!

இந்த வம்புக்காகவே அமெரிக்க அரசு 1998-ல் தன் அளவுகோலையே மாற்றியது. அதுவரை ஒரு மில்லிலிட்டர் சிறுநீரில் 300 நானோகிராம் மார்ஃபின் இருந்தாலே பிடிபட்ட ஊழியர்கள், அதன்பின் 2000 நானோகிராமைத் தாண்டினால்தான் பிடிபட்டார்கள். ஒரே அடியில் ஆறேழு மடங்கு சலுகை, எல்லாம் ஒரு கடுகத்தனை விதைக்காக! அப்படியும் ஓயவில்லை. 2023 பிப்ரவரியில் அந்நாட்டு ராணுவத் தலைமை, 'கசகசா போட்ட பண்டமே வேண்டாம்' என்று படைவீரர்களுக்குச் சொல்லிவிட்டது.

அப்படியானால் ஹெராயின் அடித்தவரையும் பன் தின்றவரையும் எப்படிப் பிரிப்பார்கள்? ஹெராயின் உடம்பில் உடையும்போது வழியில் ஒரு துண்டு பிறக்கிறது. 6-அசிட்டைல்மார்ஃபின் என்று பெயர். கசகசாவிலிருந்து அது ஒருநாளும் வராது. கசகசாப் பக்கமும் ஒரு சாட்சி உண்டு: தீபெயின். சுத்திகரித்த ஹெராயினில் அது இருக்காது. செடியிலிருந்து நேராக வந்ததில்தான் இருக்கும். என்ன சங்கடம் என்றால், அந்த ஹெராயின் துண்டு ஒருநாள்கூடச் சிறுநீரில் தங்காது. சாட்சி ஊரைவிட்டுப் போவதற்குள் பிடித்தாக வேண்டும்!

'எந்த டெஸ்ட் ரொம்ப நல்ல டெஸ்ட்?' என்று கேட்பவர்களுக்கு நிபுணர்கள் திருப்பிக் கேட்கும் கேள்வி இதுதான்: 'எப்ப நடந்ததைப் பத்திக் கேக்கறீங்க?'

ஒருவர் சனிக்கிழமை ராத்திரி கொக்கைன் உறிஞ்சினார் என்று வையுங்கள். அன்றிரவே ரத்தம் எடுத்தால் சரக்கே அதில் ஓடிக்கொண்டிருக்கும். திங்கட்கிழமை ரத்தத்தில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, ஆனால் சிறுநீர் காட்டிக்கொடுக்கும். அடுத்த சனிக்கிழமை சிறுநீரும் சுத்தம். முடியோ நேர் எதிர்! திங்கட்கிழமை நறுக்கினால் ஒன்றும் கிடைக்காது, ஏனென்றால் அந்த ராத்திரி முளைத்த முடி இன்னும் மண்டைத்தோலுக்குக் கீழேயே இருக்கிறது. வெளியே எட்டிப்பார்க்கவே ஒரு வாரம், பத்து நாள் ஆகும். ஒரே ஆள், ஒரே குற்றம், நான்கு பதில்!

என் சித்தி மகன் கப்பல் வேலைக்கு மெடிக்கல் போன கதையைச் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டுக் கம்பெனி, அமெரிக்க முறைப்படி சோதனை. ஏதோ சீட்டு எழுதிக் கொடுத்து பாட்டிலை நீட்டுவார்கள் என்று நினைத்துப் போனவன் ஒரு மணி நேரம் கழித்து போன் பண்ணினான். "அண்ணே, காலையிலேயே வீட்ல போயிட்டு வந்துட்டேண்ணே. இப்ப வரமாட்டேங்குது."

அந்தக் கழிவறையை அவன் வர்ணித்ததைக் கேட்டால் வங்கி லாக்கர் அறை தோற்றது. பையில் இருந்ததை எல்லாம் மேஜைமேல் கொட்டச் சொன்னார்கள். உள்ளே குழாய் மூடி ஒட்டப்பட்டிருந்தது. கோப்பைத் தண்ணீர் நீலநிறம்! துணிக்குப் போடும் நீலம் கலந்த மாதிரி இருந்ததாம். ஏன் தெரியுமா? அதிலிருந்து ஒரு மடக்கு மொண்டு சிறுநீரில் கலந்தால் நிறமே காட்டிக்கொடுத்துவிடும். கப்பின் பக்கவாட்டில் ஒரு சின்னப் பட்டை ஒட்டியிருந்தது. அது வெப்பமானி. வாங்கிய நான்கு நிமிடத்துக்குள் 32 டிகிரியிலிருந்து 38 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால்தான் அது உங்கள் உடம்பிலிருந்து இப்போது வந்த சரக்கு. வேறு யாருடையதையோ பாக்கெட்டில் கொண்டுவந்து ஊற்றினால் ஆறிப்போய்க் கிடக்கும். குறைந்தது 45 மில்லி வேண்டும்; அதை 30, 15 என்று இரண்டாகப் பிரித்து, அவன் கண்ணெதிரே சீல் வைத்து, கையெழுத்து வாங்குவார்கள். பின்னாளில் தகராறு வந்தால் அந்த 15 மில்லி வேறொரு ஆய்வகத்துக்குப் போகும்.

வரவில்லை என்றால்? விதி இருக்கிறது சாமி! மூன்று மணி நேரம் அவகாசம், அதற்குள் அதிகபட்சம் சுமார் 1.2 லிட்டர் தண்ணீர். குடம் குடமாகக் குடித்துத் தப்பிக்கவும் முடியாது. தசைகளில் பிறக்கும் கிரியேட்டினின் என்ற கழிவு எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிடுவார்கள். அது ஒரு அளவுக்குக் கீழே போனால் 'நீர்த்தது' என்று எழுதுவார்கள். ஒரு டெசிலிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே போய், அடர்த்தியும் ஒத்துவராவிட்டால், 'இது மனிதச் சிறுநீர்போல் இல்லை' என்றே முடிவு எழுதுவார்கள்! தம்பி இரண்டேகால் மணி நேரத்தில் ஜெயித்துவிட்டான். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது சித்தியின் குருமா ஞாபகம் வந்து வயிற்றைக் கலக்கியதாம். பயப்படத் தேவையில்லை, வீட்டுக் குருமாவுக்கெல்லாம் 2000 நானோகிராம் எட்டுவது கஷ்டம்.

இன்னொரு வேடிக்கை. கர்ப்பம் பார்க்கிற பட்டையில் இரண்டு கோடு வந்தால் 'ஆமாம்'. போதை பார்க்கிற பட்டையில் இரண்டு கோடு வந்தால் 'இல்லை'! கோடு காணாமல் போனால்தான் வினை. டவுன் பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பட்டைக்குள் நிறம் ஏற்றிய எதிர்ப்பொருள்கள் இருக்கின்றன. அவைதான் காலி சீட்டுகள். கோட்டில் ஏற்கெனவே கொஞ்சம் போதைப்பொருளை ஒட்டிவைத்திருக்கிறார்கள். சிறுநீரில் போதை இல்லையென்றால் சீட்டெல்லாம் காலியாக வந்து கோட்டில் ஒட்டும், நிறம் தெரியும். சிறுநீரில் போதை இருந்தால் அது முன்கூட்டியே துண்டு போட்டுவிடும், கோட்டில் ஒட்ட ஆளே இருக்காது, வெறும் வெள்ளை. கோடு மங்கலாகத் தெரிந்தாலும் 'இல்லை' என்றுதான் அர்த்தம். இது புரியாமல் எத்தனை அப்பா அம்மாக்கள் மகனைத் திட்டித் தீர்த்திருப்பார்களோ!

அந்த எதிர்ப்பொருளுக்குக் கண் கொஞ்சம் மங்கல் என்பதையும் சொல்ல வேண்டும். சாயல் ஒத்திருந்தால் போதும், கையைப் பிடித்துக்கொள்ளும். வயிற்றுப் புண்ணுக்குப் போட்ட ரானிட்டிடினை ஆம்ஃபெட்டமைன் என்று நினைத்துக்கொள்ளும். ஆஃப்லாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக்கை அபின் குடும்பம் என்று நினைத்துக்கொள்ளும். அதனால்தான் பட்டையில் பிடிபட்டதை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற இயந்திரத்தில் உடைத்து, துண்டு துண்டாக எடைபோட்டு உறுதிசெய்கிறார்கள். பட்டை சந்தேகப்படத்தான், தீர்ப்பு சொல்ல அல்ல. பட்டையை மட்டும் பார்த்து வேலையைவிட்டு அனுப்புகிற முதலாளிகள் யாராவது இதைப் படித்தால், அந்த இரண்டாவது செலவையும் செய்துவிடுங்கள்.

இயந்திரம் பார்த்தும் ஏமாந்த கதை உண்டு. மூக்கடைப்புக்கு உறிஞ்சுகிற விக்ஸ் இன்ஹேலரால் ஒலிம்பிக் பதக்கமே பறிபோயிருக்கிறது, தெரியுமா? 2002, சால்ட் லேக் சிட்டி. பனிச்சறுக்கில் பிரிட்டனுக்கு வரலாற்றிலேயே முதல் பதக்கம், வெண்கலம், வாங்கிக் கொடுத்தவர் ஸ்காட்லாந்துக்காரர் ஆலன் பாக்ஸ்டர். ஊரில் எப்போதும் உறிஞ்சுகிற அதே விக்ஸ்தான் என்று நம்பி அமெரிக்கக் கடையில் ஒன்று வாங்கினார். அமெரிக்க விக்ஸில் மட்டும் மெத்தாம்ஃபெட்டமைனின் 'இடது கை' வடிவம் இருந்தது. போதை தருவது 'வலது கை' வடிவம். கண்ணாடியில் பார்க்கிற இரண்டு கைகள் மாதிரி எல்லாம் ஒன்று, திசைதான் வேறு. சோதனை கைகளைப் பிரித்துப் பார்க்கவில்லை. பாவம், பதக்கம் போனது போனதுதான்.

விளையாட்டு உலகத்துச் சிறுநீர்ச் சோதனைக்கு முன்னால் தம்பியின் கம்பெனிக் கெடுபிடி ஒன்றுமே இல்லை. 90 மில்லி வேண்டும். கதவைச் சாத்திக்கொள்ளவும் முடியாது. அதே பாலினத்து அதிகாரி ஒருவர் வெளியே வருவதையே நின்று பார்ப்பார்! ஏ, பி என்று இரண்டு பாட்டில். 1988-ல் சோல் ஒலிம்பிக்கில் 9.79 விநாடியில் ஓடி உலகத்தை வாய்பிளக்க வைத்த பென் ஜான்சனின் தங்கத்தை மூன்றே நாளில் உருவியது இந்தச் சிறுநீரில் கிடைத்த ஸ்டானோசலால்.

இதைவிட அதிசயம் டெஸ்டோஸ்டிரோன். உடம்பே சுரக்கிற பொருள் ஆயிற்றே, ஊசியில் ஏற்றியதையும் உள்ளே சுரந்ததையும் எப்படிப் பிரிப்பது? கார்பனை எண்ணுகிறார்கள்! ஊசி மருந்து பெரும்பாலும் சோயா போன்ற செடிகளின் சத்திலிருந்து செய்யப்படுகிறது. அந்தச் செடிகளில் கனமான கார்பன்-13 கொஞ்சம் குறைவு. நாம் சோளம், கரும்பு, கறி என்று கலந்து தின்பதால் நம் உடம்பில் சுரப்பதில் அது கொஞ்சம் அதிகம். ஆக, 'இந்த ஹார்மோன் உன் உடம்பில் பிறந்ததா, சோயாவில் பிறந்ததா?' என்று மூலப்பத்திரம் கேட்கிறது அறிவியல்.

அறிவியலைச் சுவரில் ஓட்டை போட்டு ஜெயித்தவர்களும் உண்டு. 2014 சோச்சி குளிர்கால ஒலிம்பிக்கில், ஆய்வக அறைச் சுவரில் எலிப்பொந்துபோல ஒரு துளை. ராத்திரியில் ரஷ்ய வீரர்களின் பாட்டில் அந்தப் பக்கம் போகும், திறக்கவே முடியாது என்று பெயரெடுத்த சுவிஸ் மூடி திறக்கப்பட்டு, பல மாதம் முன்பே உறைய வைத்திருந்த சுத்தமான சிறுநீரோடு திரும்பி வரும். ஆய்வகத் தலைவர் ரோட்சென்கோவே பின்னால் அமெரிக்கா போய் எல்லாவற்றையும் சொன்னார். விசாரணையில் என்ன கண்டுபிடித்தார்கள் தெரியுமா? சில மாதிரிகளில் எந்த மனித உடம்பும் வெளியேற்ற முடியாத அளவு உப்பு! அடர்த்தியைச் சரிக்கட்ட உப்பு போட்டவர்கள் கை தாராளமாகிவிட்டது. சாம்பாரில் உப்பு கூடினால் உருளைக்கிழங்கு போடலாம், இதில் என்ன போடுவது?

சரி, நமக்கெல்லாம் தெரிந்த சோதனைக்கு வருவோம். ராத்திரி பதினோரு மணி, தடுப்புக் கம்பி, டார்ச் வெளிச்சம், "ஊதுங்க சார்!" அந்தக் கருவி ரத்தத்தையே பார்ப்பதில்லை, தெரியுமா? ரத்தத்தில் உள்ள சாராயம் நுரையீரலில் காற்றுக்குத் தாவுகிறது. ஏறக்குறைய 2100 மில்லி மூச்சுக்காற்றில் உள்ள சாராயம் ஒரு மில்லி ரத்தத்தில் உள்ளதற்குச் சமம் என்ற கணக்கை வைத்துக் கருவி பெருக்கிச் சொல்கிறது. நம் நாட்டில் 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம் வரம்பு. தாண்டினால் முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். இதன் கொள்ளுத்தாத்தா 1938 டிசம்பர் 31 ராத்திரி அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் வேலைக்கு வந்த 'டிரங்கோமீட்டர்'. குடிகாரர் பலூன் ஊத வேண்டும். அந்தக் காற்றை ஊதாநிற பெர்மாங்கனேட் கரைசலில் விட்டால் நிறம் வெளுக்கும். புத்தாண்டு இரவில் போலீஸ்காரர் பலூன் நீட்டினால் யாருக்குச் சந்தேகம் வரும்!

மூச்சுக்கு ஒரு பலவீனம். வாயில் இருக்கும் சாராயத்தையும் எண்ணிவிடும். இப்போதுதான் மவுத்வாஷ் கொப்பளித்தேன் என்றால் கால் மணி நேரம் உட்காரவைத்து மறுபடி ஊதச் சொல்வதுதான் முறை. நம் விமானிகளுக்கோ மவுத்வாஷே கூடாது என்று விதி. கஞ்சா, கொக்கைனை எல்லாம் ஊதுகருவி கண்டுகொள்ளாது என்பதால், 2022 ஜனவரி 31 முதல் விமானிகள், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களில் ஆண்டுக்குப் பத்து சதவீதம் பேரையாவது திடீரென்று கூப்பிட்டுச் சிறுநீர் வாங்கும் ஏற்பாடு வந்திருக்கிறது.

சாலையில் போதை வண்டியோட்டியைப் பிடிக்கச் சிறுநீர் உதவாதா? உதவாது! தினமும் கஞ்சா இழுத்தவர் நிறுத்தி ஒரு மாதம் ஆனபின்பும் சிறுநீர் 'ஆமாம்' என்னும். கஞ்சா கொழுப்பில் ஒளிந்துகொண்டு சிறுகச் சிறுகக் கசியும் சரக்கு. போன மாதம் இழுத்தவரை இன்று வண்டி ஓட்டியதற்குத் தண்டிப்பது நியாயமா? அதனால் எச்சில். கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் பஞ்சுக்குச்சியை வைத்து எடுத்தால் சில மணி நேரம், அதிகம் போனால் ஓரிரு நாள் கதையைத்தான் சொல்லும். அதுதான் இங்கே தேவை. ஆம்ஃபெட்டமைன் போன்றவை ரத்தத்தைவிட எச்சிலில் அதிகமாகச் சேரும், ஏனென்றால் எச்சில் கொஞ்சம் புளிப்பு; காரத்தன்மை உள்ள மருந்து அதில் வந்து மாட்டிக்கொள்கிறது.

எச்சில் சோதனை முதலில் யாருக்கு நடந்தது தெரியுமா? குதிரைகளுக்கு! சுமார் நூறாண்டுக்கு முன்பே ஆஸ்திரியாவில் பந்தயக் குதிரைகளின் வாயைத் துடைத்து ஊக்கமருந்து தேடினார்கள். மனித ஓட்டுநர்களைச் சாலையில் சகட்டுமேனிக்கு நிறுத்தி எச்சில் பார்ப்பதை உலகில் முதலில் தொடங்கியது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், 2004 டிசம்பரில். முதல் நாளே, டிவி கேமராக்கள் சூழ நிற்க, ஒரு வேன் டிரைவர் 'பாசிட்டிவ்'. உலகின் முதல் ஆள் என்று செய்தி பறந்தது. ஆய்வகம் பார்த்தபோது எச்சிலில் ஒன்றுமில்லை! பட்டை சந்தேகப்படத்தான் என்று மேலே சொன்னேனே.

ரத்தத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. விபத்து, மயக்கம், மருத்துவமனை அவசரப் பிரிவு, நீதிமன்றம்: 'இந்த நிமிடம் உடம்பை ஆட்டிவைப்பது எது, எவ்வளவு?' என்ற கேள்விக்கு அதுதான் பதில். ஊசி வேண்டும், நர்ஸ் வேண்டும், செலவு அதிகம். ஒரு சங்கதி மட்டும்: அந்த ரத்தத்தைப் பிடிக்கும் சாம்பல்நிற மூடிக் குழாய்க்குள் சோடியம் ஃபுளோரைடு தூள் இருக்கும். அது இல்லாமல் ரத்தத்தை வெயிலில் போட்டுவைத்தால், கிருமிகள் அதிலுள்ள சர்க்கரையைப் புளிக்கவைத்துச் சாராயம் காய்ச்சிவிடும்! குடிக்காத மனிதரின் ரத்தம் குழாய்க்குள்ளே குடிகாரனாகிவிடும்.

முடி! இதுதான் எனக்குப் பிடித்தது. மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாகவே வளர்கிறது. உச்சிக்குப் பின்னால், பென்சில் கனத்துக்கு ஒரு கொத்து, தோலை ஒட்டி நறுக்கி, வேர்ப்பக்கமிருந்து 3.9 சென்டிமீட்டர் எடுத்தால் கடந்த 90 நாள் கையில். நீளமான பின்னல் என்றால் சென்டிமீட்டர் சென்டிமீட்டராக வெட்டி 'போன தையில் இருந்தது, மாசியில் விட்டார்' என்று டைரி படிக்கலாம். பழநிக்குப் போய் மொட்டை போட்டுவிட்டு வந்து நின்றால்? நெஞ்சு முடி, கை முடி, அதுவும் இல்லையென்றால் நகம்! உடம்பு முடி ஒழுங்காக வளராததால் மாதக்கணக்கு மட்டும் சொல்லாது. ஒரு அநியாயமும் உண்டு: கொக்கைன் போன்றவை கருமை தரும் மெலனினோடு ஒட்டிக்கொள்ளும் குணமுள்ளவை. ஒரே அளவு எடுத்த இருவரில் கருங்கூந்தல்காரரிடம் அதிகமாகத் தேங்கும். நரைத்தவர் தப்பிக்கும் வாய்ப்பு கூடுதல்.

முடி குற்றவாளியை மட்டும் தேடுவதில்லை. பானத்தில் மயக்க மருந்து கலந்து கெடுக்கப்பட்ட பெண் புகார் சொல்லத் துணிவதற்குள் நாட்கள் ஓடிவிடும். ஜிஹெச்பி என்ற மருந்து பன்னிரண்டு மணி நேரத்தில் சிறுநீரைவிட்டே போய்விடும். மற்ற பல மருந்துகளுக்கு, நான்கைந்து வாரம் காத்திருந்து முடி எடுத்தால், அந்த ஒற்றை ராத்திரியின் தடம் கிடைக்க வாய்ப்பிருக்கிறது.

பேசவே முடியாத சாட்சியும் ஒன்று உண்டு. பிறந்த குழந்தை முதலில் போகிற கருப்பான, பசைபோன்ற மலம். நம் கிழவிகள் காட்டுப்பீ என்பார்கள். கருவின் மூன்றாம் மாதத்திலிருந்தே சேரத் தொடங்குவதால், கர்ப்பத்தின் பின்பாதியில் தாயின் உடம்பில் என்னென்ன போனது என்பதெல்லாம் அதில் பத்திரமாக இருக்கும். அது பிள்ளைக்கு வைத்தியம் பார்க்கத்தான், தாயைத் தூற்ற அல்ல. வியர்வையும் சாட்சி சொல்லும்: அமெரிக்க நீதிமன்றங்கள் நன்னடத்தையில் விட்டவர்கள் தோளில் பிளாஸ்திரி மாதிரி ஒன்றை ஒரு வாரம், பத்து நாள் ஒட்டிவைத்து வியர்வையை உறிஞ்சவிடுவதும் உண்டு. பிய்த்தால் மறுபடி ஒட்டாது.

ஆளை விட்டுவிட்டுப் பொடியைச் சோதிப்பது தனிக் கூத்து. மார்க்விஸ் என்ற திரவத்தில் ஒரு சிட்டிகை: அபின் வகை என்றால் ஊதா, ஆம்ஃபெட்டமைன் என்றால் ஆரஞ்சு. 2015-ல் ஃப்ளோரிடாவில் ஒருவர் காரில் சிந்திக்கிடந்த வெள்ளைத் துணுக்கு இப்படியொரு நிறச் சோதனையில் மெத்தாம்ஃபெட்டமைன் என்று வந்து, மனிதர் கைதாகிவிட்டார். அது என்ன தெரியுமா? டோனட்மேல் பூசிய சர்க்கரை!

ஒரு ஊரையே சோதிக்க முடியுமா? முடிந்திருக்கிறது. 2005-ல் இத்தாலி விஞ்ஞானிகள் போ ஆற்றுத் தண்ணீரை மொண்டு, கொக்கைன் மனித உடம்புக்குள் போய் உடைந்து வரும் துண்டைத் தேடினார்கள். தினம் சுமார் 4 கிலோ கொக்கைனுக்குச் சமமானது ஆற்றில் ஓடுகிறது என்று கணக்கு வந்தது! இப்போது ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் ஆண்டுதோறும் சாக்கடைத் தண்ணீரைச் சோதிக்கிறார்கள். பல ஊர்களில் சனி, ஞாயிறில் கொக்கைன் ஏறுகிறது. கஞ்சா மட்டும் ஏழு நாளும் ஒரே சீராக ஓடுகிறது.

தம்பிக்கு ரிசல்ட் நெகட்டிவ். ஃபுஜைராவில் கப்பல் ஏற வேண்டும். கிளம்பும் முந்தின ராத்திரி பெட்டியைக் கட்டும்போது சித்தி, "கப்பல் சாப்பாடு எப்படி இருக்குமோ" என்று குருமாப் பொடி ஒரு கிலோவை நாலு கவர் போட்டு உள்ளே வைத்தாள். ஃபுஜைரா இருப்பது ஐக்கிய அரபு அமீரகத்தில்; அங்கே கசகசா தடைசெய்யப்பட்ட பொருள். நான்தான் எடுத்து வெளியே வைத்தேன். "அரைக்கிலோ முந்திரி போட்டிருக்கேன்டா பாவி" என்று சித்தி என்னோடு இன்னும் சரியாகப் பேசுவதில்லை.